கல்லில் கடைசி வரி

பதினோரு நாள் அன்னம் தொடாமல் இருந்து சீவகன் சமாதி மரணம் எய்தினார் என்று ஆரணிப் பக்கத்துச் சமண ஊர்களெல்லாம் பேசின. அதைக் கல்லில் வெட்டிக் கோயில் வாசலில் நடப்போகிறான் மகன் ஸ்ரேயாஸ். கல் திறப்பு விழாவுக்குக் கர்நாடகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதனால் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் வேண்டும். எழுதித் தரும் வேலை தங்கை மதுமிதாவின் தலையில் விழுந்தது.

மதுமிதா இயற்பியல் படித்துவிட்டு, ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் நாளெல்லாம் காதில் விழுவது சமாதி என்ற சொல்தான். ஜெர்மனிக்காரர் ஒருவர் அரைமணி கண்மூடி உட்கார்ந்துவிட்டு வந்து, இன்று சமாதி கிட்டியது என்பார். கையோடு காபி கேட்பார். ஆந்திராக்காரர்களுக்கு அது புதைத்த இடம். தில்லிக்காரர்களுக்குத் தலைவர்களின் நினைவிடம். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒருத்தி, எங்கள் ஊரில் ‘செமாதி’ என்றால் தியானம் என்றாள். சமஸ்கிருத வேரில் அதற்குச் சேர்த்து வைப்பது என்று பொருள்.

அவள் வீட்டில் அதன் பொருள் வேறு. உணவைத் தானாக விட்டு, கலங்காமல் உயிர் விடுவது. தானாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விரதம் கொடுத்த முனிவர் ஊர் நடுவே அப்பாவிடம் மூன்று முறை கேட்டார், மனம் ஒப்பித்தான் ஏற்கிறீர்களா என்று. பிறகு ஸ்ரேயாஸைப் பார்த்து, “மனசு மாறினால் உடனே உணவு கொடுங்கள். அதில் இழுக்கில்லை” என்றார்.

ஸ்ரேயாஸ் மறுநாளே பஸ் ஸ்டாண்டு வரை பேனர் கட்டினான். கோயில் கமிட்டியில் இப்போது அவன் வைத்ததுதான் சட்டம்.

செங்கம் சாலையில் கல்தச்சர் வேடியப்பனின் பட்டறை. பெயரும் தேதியும் வெட்டியாகிவிட்டது. கடைசி வரி மட்டும் பாக்கி. அண்ணனும் தங்கையும் வந்து நின்றார்கள்.

“மூணு பாஷைக்கும் ஒரே வார்த்தைதானாமே பாப்பா?” என்றார் வேடியப்பன்.

“எழுத்து வேறண்ணே.”

“அர்த்தம்?”

“அதுவும் வேறதான்.”

வேடியப்பன் சிரித்தார். “எங்க தெருவுல கடைய இழுத்து மூடினாலே சமாதி ஆயிடுச்சும்பான். பாத்துக்குங்க சார், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

ஸ்ரேயாஸ் சிரிக்கவில்லை. “ஜாஸ்தி பேசாதப்பா. அந்தச் சாவு எல்லாருக்கும் வாய்க்காது.” தங்கையின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது. “இன்னா இது? காலமானார்னு எழுதியிருக்க?”

“அது போதும்ணா.”

“போதுமா? ஊரே வந்து விழுந்து கும்புட்டுச்சு. பெத்தவர் பேரக் கெடுக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சாரு?”

அவள் தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

“வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லேன்.”

இரண்டு மாதமாக அவள் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாள். அம்மா மருதேவிக்குக்கூட அவள் சொல்லவில்லை. கணவன் போன விதத்தைப் பெருமையாகச் சொல்லித்தான் அம்மா எழுந்து நடமாடுகிறாள்.

ஸ்ரேயாஸ் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, கல்லின் மீது தானே எழுதினான். சமாதி மரணம். எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. துடைத்து மறுபடி எழுதினான்.

“வெட்டுப்பா.”

வேடியப்பன் முதல் எழுத்தில் உளியை ஊன்றிச் சுத்தியை ஓங்கினார். மதுமிதா குனிந்து அந்த வரியின் மேல் கையை வைத்துவிட்டாள்.

“பாப்பா! விரல் போயிடும், எடு.”

“மது, மானத்த வாங்காத. எடுடி கைய.”

அவள் எடுக்கவில்லை. அவள் பேசியது பட்டறை முழுக்கக் கேட்டது.

“அப்பா கஞ்சி கேட்டாருண்ணா. ஒன்பதாம் நாளு. பொழுது சாஞ்சப்புறம் நாம சாப்பிடறதில்ல, விடிஞ்சதும் தரேன்னு நீ சொன்ன. விடிஞ்சுது. தெருவுல ஜனம் வரிசைல நின்னுச்சு. நான் கஞ்சியோட ரூம் வாசல்ல நின்னேன். உள்ளேர்ந்து அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ உள்தாழ்ப்பாளத் தொறக்கல.”