நலச் செயலாளர் பதவிக்கு இரண்டு பேர்

தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று நீலாவதி வீட்டில் சொன்னபோது அவள் அப்பா கிருஷ்ணன் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சி?" என்பதுதான்.

"கட்சி இல்லப்பா. காலேஜ்ல ஒரு மன்றம். பேங்க் பரீட்சை, ரயில்வே பரீட்சைக்கெல்லாம் சொல்லிக் குடுப்பாங்க. அதுல நலச் செயலாளர்னு ஒரு பதவி."

"யாரோட நலம்?"

அவளுக்குத் தெரிந்து நலச் செயலாளர் என்றால் கூட்டத்துக்கு டீ சொல்லுவார், வருகிற விருந்தினருக்கு மாலை வாங்கி வைப்பார். வேறு யாரும் மனுப் போடவில்லை. பின்னால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுதிக்கொள்ள ஒரு பதவி ஆகுமே என்றுதான் அவள் நினைத்தாள். மேடையில் உட்காரும் ஆசையும் கொஞ்சம் இருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம் அது. நீலாவதி பி.காம். இரண்டாம் வருஷம். சந்தவாசலிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மன்றத் தலைவன் ராஜேந்திரன் அவளைப் பேசச் சொன்னான். அவளும் எழுந்து, "உங்களுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் நான் பாத்துக்குவேன்" என்று நன்றாகவே பேசினாள். கைதட்டினார்கள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து முனிசாமி எழுந்தான்.

"மாதையன் ரெண்டு வாரமா வரல. அவனுக்கு இன்னா ஆச்சுன்னு தெரியுமாங்க?"

மாதையன் என்றால் ஜவ்வாது மலையிலிருந்து வருகிற பையன், ஹாஸ்டலில் தங்கியிருப்பவன், கணக்கில் கெட்டிக்காரன். அதற்கு மேல் அவனைப் பற்றி நீலாவதிக்கு ஒன்றும் தெரியாது. அவன் வராததையே இப்போதுதான் கவனிக்கிறாள்.

"மூணு வகுப்பு வரலைன்னா பேர எடுத்துடறதுதான் ரூல். அவன் பேர எடுத்தாச்சு," என்றான் ராஜேந்திரன். பேச்சு அதோடு முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது நீலாவதிக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பூர்ணத்திடம், "நாளைக்கு மலைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள்.

"ஒரு வோட்டுக்கு அவ்ளோ தூரமா?" என்று சம்பூர்ணம் சிரித்தாள். ஆனால் வர மறுக்கவில்லை.

சனிக்கிழமை போளூரில் பஸ் மாறி மலை ஏறினார்கள். வளைவுக்கு வளைவு சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்கிய இடத்திலிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. பாதை நெடுக, பழுத்த புளி காலில் மிதிபட்டது. விசாரித்துக்கொண்டே போனபோது, ஒரு பெரிய புளியமரத்தடியில் பெண்கள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"யார் வூட்டுப் பொண்ணுங்க நீங்க?"

"மாதையன்கூட படிக்கிறோங்கம்மா."

அவள்தான் மாதையனின் அம்மா அம்மாக்கண்ணு. தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்து, "டேய், உன்னத் தேடிக்கினு காலேஜ்லருந்து வந்துருக்குதுங்க" என்றாள்.

உச்சிக் கிளையில், கையில் நீளக் கழியோடு மாதையன் நின்றிருந்தான். "இன்னாங்க, வோட்டு கேக்க வந்தீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டான்.

பொய் சொல்ல நீலாவதிக்கு வாய் வரவில்லை. "அதுக்கும்தான். ஏன் வரலைன்னு கேக்கவும்தான்."

அவன் கழியைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தான். போன வருஷம்வரை அவன் அப்பாதான் மரம் ஏறுவாராம். இந்த வருஷம் அவருக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. பழம் விழுந்து வண்டடிப்பதற்குள் உலுக்கியாக வேண்டும். வருஷச் செலவுக்கு இந்தப் புளிதான்.

"உங்க பேர மன்றத்துல எடுத்துட்டாங்க," என்று நீலாவதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

மாதையன் கையில் ஒட்டியிருந்த புளியைத் தேய்த்துத் தேய்த்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு மட்டும் இல்லீங்க. போன வருசம் சாமை அறுப்புக்கு வந்த ரங்கனையும் இப்படித்தான் எடுத்தாங்க. அவன் அதுக்கப்புறம் படிக்கவே வரல. அதனாலதான் நானே அந்த நலச் செயலாளர் பதவிக்கு நிக்கலாம்னு இருக்கேன். புதன்கிழமை வந்து மனுக் குடுக்கணும்."

சம்பூர்ணம் நீலாவதியின் முகத்தைப் பார்த்தாள். நீலாவதி தரையைப் பார்த்தாள்.

அம்மாக்கண்ணு அவர்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சாமைச் சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றி, "கூச்சப்படாம துன்னுங்க" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நீலாவதி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தாள். மனுவுக்குத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் கடைசி. அது இவனுக்குத் தெரியவில்லை. இவள் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் போதும், போட்டியே இல்லாமல் பதவி வந்துவிடும். அவளும் விவசாய வீட்டுப் பெண்தான். அறுப்புக்கு அவள் லீவு போட்டதில்லை என்றால், அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வயலில் நிற்பதால்தான். அது இத்தனை நாள் அவளுக்கு உறைத்ததேயில்லை.

கை கழுவும்போது சொன்னாள். "புதன்கிழமை இல்லீங்க. திங்கக்கிழமையோட மனு முடியுது."

மாதையன் அவளை உற்றுப் பார்த்தான். "நிக்கறது நீங்கதான?"

"ஆமா. நானும் நிக்கறேன். நீங்களும் வந்து நில்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். "ரெண்டு நாளு நான் பாத்துக்கறேன், உன் மாமன வரச் சொல்லி உலுக்கிக்கறேன். போய்ட்டு வா," என்றாள் அம்மாக்கண்ணு.

திங்கட்கிழமை மன்றப் பொறுப்பாளரான ராஜாக்கண்ணு சாரின் அறையில் பெரிய வாக்குவாதம். பேர் எடுக்கப்பட்டவன் எப்படி நிற்க முடியும் என்றான் ராஜேந்திரன். அவன் கெட்டவன் இல்லை. விதி என்றால் விதி என்று நினைப்பவன், அவ்வளவுதான். முனிசாமி முன்மொழிந்திருந்தான். வழிமொழிய ஆள் கிடைக்கவில்லை.

"நான் வழிமொழியறேன் சார்," என்றாள் நீலாவதி.

"உன்ன எதிர்த்து நிக்கறவனுக்கா?"

"வேற யாரும் போட மாட்டேங்கறாங்க சார்."

சார் அவளையும் மாதையனையும் மாறி மாறிப் பார்த்தார். "பேர எடுத்தது மன்றம்தான். எடுத்தத மன்றமே விசாரிக்கலாம். அதுவரைக்கும் இவன் நிக்கட்டும்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேர்தல் அன்று மாதையன் பேச எழுந்ததும் அவன் மலைப்பேச்சைக் கேட்டு ஓரிருவர் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. வேலைக்காகப் படிக்கிறோம், வீட்டில் வேலை இருக்கிறது என்பதற்காகவே நம்மை வெளியே அனுப்பினால் என்ன நியாயம் என்று கேட்டான். சிரிப்பு அடங்கிவிட்டது. விவசாய வீடுகளிலிருந்து வரும் கண்ணமங்கலத்துப் பையன்கள் கைதட்டினார்கள். இவ்வளவு செய்த பிறகும் தோற்க நீலாவதிக்கு மனமில்லை. தன் முறை வந்தபோது எழுதி வைத்த பேச்சை விட்டுவிட்டாள். "ரெண்டு வாரமா ஒருத்தர் வரல. எனக்கு அது தெரியல. இனிமே தெரியாம இருக்க மாட்டேன்," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள்.

அவள்தான் ஜெயித்தாள், மயிரிழையில். பெண்கள் எல்லாரும் அவளுக்குப் போட்டிருந்தார்கள். சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் வராந்தாவில் நின்றவளிடம் மாதையனே வந்தான்.

"நல்லதாப் போச்சுங்க. இன்னும் பாதி மரம் உலுக்காம கெடக்குது. நான் ஜெயிச்சிருந்தா எல்லாத்துக்கும் வந்துக்கினு இருக்கணும்." பிறகு, சிரிக்காமல், "ஆனா அந்த ரூல மாத்திக் காட்டுங்க," என்றான்.

அது சுலபமாக நடக்கவில்லை. முதல் கூட்டத்தில் ராஜேந்திரன் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும், அப்புறம் வகுப்பில் யார்தான் இருப்பார்கள் என்று கேட்டான். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் நீலாவதி ஒரு வழி சொன்னாள். அறுப்பு, புளி என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பேரை எடுக்கக் கூடாது. விட்ட பாடத்தை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். போகிற பொறுப்பு நலச் செயலாளருடையது.

"மலைக்கா? எத்தன வாரம் போவீங்க, பாக்கலாம்," என்றான் ராஜேந்திரன். ஆனால் கை தூக்கினான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நீலாவதியும் சம்பூர்ணமும் முனிசாமியும் போனார்கள். பள்ளிக்கூடக் கட்டடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். மாதையனோடு இன்னும் இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து வாசலில் ஒருவன் வந்து நின்றான், தோளில் துண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்ற தயக்கம்.

"இவன்தாங்க ரங்கன்," என்றான் மாதையன்.

"உக்காருங்க," என்று நீலாவதி பெஞ்சில் இடம் காட்டினாள்.

"நான் ஒரு வருசம் விட்டுட்டேங்க."

"எதுவரைக்கும் படிச்சீங்களோ, அங்கேருந்து ஆரம்பிக்கலாம்."

ரங்கன் துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். முனிசாமி தனி வட்டிக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தான்.