எரிக்காத வேட்டி

ஶ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, பெரியம்மை கண்டவர்களை வைக்கும் ஓலைக் கொட்டகையில் எனக்கு ஒரே வேலைதான். செத்தவர்களின் துணி, பாய், புண் துடைத்த பஞ்சு எல்லாவற்றையும் குழியில் போட்டு எரிக்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு நூல் மிச்சம் வைத்ததில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த சமுத்திரம் என்ற பெரியவர் செத்தபோதுதான் புத்தி கெட்டுப்போனது. தொண்ணூற்றாறு வயது. எள்ளுப்பேரன் கண்டவர். அப்படி வாழ்ந்து முடித்தவரின் வேட்டியைப் பச்சைப்பிள்ளைக்கு விரித்தால் ஆயுசு கெட்டி என்பார்கள் எங்கள் தெருவில். என் பெண்டாட்டி அய்யம்மாள் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். நாலாவது பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் அம்மையில் போனது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தத் தொண்ணூற்றாறுதான் மனசில் நின்றது.

பாயை எரித்தேன். வேட்டியை வேப்பிலை போட்டு அலசி, வெயிலில் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மறுநாள் கம்பவுண்டர் தேவஇரக்கம் குழியை எட்டிப் பார்த்தார்.

"சங்கையா, பெரியவர் துணி அம்புட்டையும் எரிச்சிட்டியா? அம்மைப்புண் பொருக்கு ஒண்ணு ஒட்டியிருந்தாலும் போதும், ஊரே படுத்துரும்."

"சாம்பலாக்கிட்டேன் அய்யா."

சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன், பிடுங்கி எறிந்துவிடலாம் என்று. பிள்ளை அதன்மேல் வாய் திறந்து தூங்கியது. அய்யம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பாழாய்ப்போன என் கை வேட்டிப் பக்கம் போகவில்லை.

வேட்டியை விரித்த பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. கம்பவுண்டர் காலில் போய் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அம்மை குத்துகிற மருந்தான அம்மைப்பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர், அடியில் கிடந்த துணியைப் பார்த்தார். ஒரு முழம்கூட இல்லை.

"ஏலே, மிச்ச வேட்டி எங்க?"

நானும் அப்போதுதான் கவனித்தேன்.

"நம்ம பிள்ளை மட்டும் நல்லாருந்தாப் போதுமா?" என்றாள் அய்யம்மாள். "கைப்பிள்ளை இருக்க வீட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு கிழி கிழிச்சுக் குடுத்தேன்."

"யார் யாருக்கு தாயி?" கம்பவுண்டர் பெட்டியைத் திறந்தார்.

அவள் பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறுகையில் விரல் மடக்கத் தொடங்கினாள். பேச்சிமுத்து வீடு, பரிபூரணம் வீடு, தளவாய்புரத்துக்குப் போன மதினி... ஒரு கை முடிந்தது. பிள்ளையை என் மடியில் கிடத்திவிட்டு, அடுத்த கையை விரித்தாள்.