இப்படிக்கு, தனசேகர்

என் கணவர் செத்த பிறகும் தினமும் காலையில் எனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். பேய்க்கதை இல்லை. அவர் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட், ஒரு சின்ன புரோகிராம், அனுப்பியது.

நகரியிலிருந்து தினமும் ரயிலில் போய், திருப்பதியில் இருவரும் ஒரே ஆபீசில் வேலை பார்த்தோம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துப் பால் நிலையங்களின் கணக்கை வாங்கி, பால் ஊற்றும் ஒவ்வொருவர் போனுக்கும் எத்தனை லிட்டர் என்று தகவல் அனுப்புவதுதான் அந்த ஸ்கிரிப்டின் வேலை. அடியில் ‘இப்படிக்கு, தனசேகர்’ என்று இருக்கும். கம்பெனி பேரைப் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள், ஒரு ஆள் பேர் இருந்தால்தான் சண்டைக்காவது கூப்பிடுவார்கள் என்பார். ஸ்கிரிப்ட் ஓடியதா என்று பார்க்க என் நம்பரையும் சேர்த்துவைத்திருந்தார். மாடே இல்லாத எனக்குத் தினமும் பூஜ்யம் லிட்டர் வரும். “உன் மாடு இன்னிக்கும் கறக்கலியாடி?” என்று கேட்டுக்கொண்டே பல் தேய்ப்பார்.

நாலு மாதம் முன்னால் ரேணிகுண்டா ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அவருடைய சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். சோறு போட்டால் சாப்பிட்டேன், ரயில் வந்தால் ஏறினேன். காலையில் போன் அதிரும். பூஜ்யம் லிட்டர். இப்படிக்கு, தனசேகர். அதைப் பார்த்த பிறகுதான் படுக்கையை விட்டு எழுந்திருப்பேன்.

ஆபீசில் அந்த ஸ்கிரிப்ட் ஓடும் சர்வரை மாற்றினார்கள். புதியதும் லினக்ஸ்தான், ஆனால் வேறு வகை. போதாக்குறைக்கு முதலாளி ஹரிபாபுவின் மேக் கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டுமாம். எல்லாவற்றிலும் ஓடும்படி ஸ்கிரிப்டை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

தனசேகர் எங்கே போனாலும் நகரிப் பேச்சை மாற்றாத ஆள். சென்னையில் என் மாமா வீட்டில்கூட “துன்னாச்சா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பார். ஸ்கிரிப்டையும் அப்படித்தான் எழுதியிருந்தார். பழைய சர்வருக்கு மட்டுமே புரிகிற பேச்சு. கட்டளையோடு அவர் சேர்த்திருந்த ‘-e’ என்ற குறிப்பு புதியதற்குப் புரியவில்லை. அதையும் செய்தி என்று நினைத்துத் தகவலின் தலையில் அச்சடித்தது. நேற்றைய தேதியைக் கேட்கும் வரியில் மேக் பிழை காட்டியது.

ஊரோடு ஒத்து வாழ் என்பதுதான் இதில் ஒரே வழி. எல்லா மிஷினுக்கும் பொதுவான கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்ட வேண்டும். வரிவரியாக வெட்டினேன். அவருடைய பேச்சைத்தான் வெட்டுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை.

ஹரிபாபு பின்னால் வந்து நின்றார். “கன்னிகா, அடியில அந்தப் பேரையும் எடுத்துடும்மா” என்றார். சங்கடமான பேச்சென்றால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். “மனிஷி லேடு கதா.”

ஆள் இல்லையே என்பதைத் தெலுங்கில் சொன்னால் எனக்கு உறைக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அது மட்டும் எந்த மிஷினிலும் பிழை காட்டவில்லை. எல்லாவற்றிலும் ஒழுங்காக ஓடியது. அதை எடுத்தால் நாளைக் காலையில் எனக்கு அவர் இருக்கமாட்டார். ஆனால் ஹரிபாபு சொன்னதில் தப்பும் இல்லை. ‘இப்படிக்கு, நிர்வாகம்’ என்று மாற்றினேன். பழைய சர்வர், புதியது, மேக் மூன்றிலும் ஓட்டிக் காட்டினேன். சூப்பர் என்றார்.

மறுநாள் காலை போன் அதிர்ந்தது. பூஜ்யம் லிட்டர். இப்படிக்கு, நிர்வாகம். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ரயில் போய்விட்டது. பஸ் பிடித்து ஆபீஸ் சேர்ந்தபோது அங்கே போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

“நாராயணவனத்துலருந்து கங்கம்மா பேசறேன். ரெண்டு மாட்டுப் பால் ஊத்தறவ. மெசேஜுல தனசேகரு பேரக் காணமே? வேற இன்னாவோ பேரு வந்துக்கீது. அந்தப் புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”

இந்த நாலு மாதத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் வாய் திறந்து சொல்ல வேண்டியே வரவில்லை.

“அவரு செத்துட்டாரும்மா.”

“அய்யோ. எப்பம்மா?”

“நேத்து” என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“நேத்துக் காலீலகூட எனக்கு மெசேஜு போட்டுச்சேம்மா, அந்தப் புள்ள.”

“எனக்குந்தாம்மா.”

சத்தம் போட்டு அழுதேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. கங்கம்மா போனை வைக்கவில்லை.