பதினேழாம் நாற்றின் வாசனை

"மார்ச் 9. முதல் பூவைப் பறிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லாதது என் தவறு" என்று சுசித்ரா தன் வகுப்புக் குறிப்பேட்டில் எழுதினாள்.

வீட்டு ரோஜாவில் தானாகக் காய்த்த விதையைப் போட்டு, மைசூரில் மாலைநேர ரோஜா வளர்ப்பு வகுப்புக்காக அவள் வளர்த்த பதினேழாம் நாற்று அது. வாசனைக்கு மதிப்பெண் பதியாத நாற்றை வியாழக்கிழமை பிடுங்கிவிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. பூவோ முருகன் படத்தில், ஊதுபத்திப் புகைக்குள் இருந்தது.

"ஏம்மா இவ்ளோ அவசரம்?"

"விட்டா நீ மோந்து பாத்துருவே. மோந்த பூ சாமிக்கு ஆகுமாடி?"

"இப்ப வாசனைய எப்படி எழுதறது?"

"எலுமிச்ச வாசனைன்னு எழுது. கமகமன்னு இருந்துச்சு."

"அப்போ நீ மோந்தியா?"

அம்மா பாக்கியலட்சுமி முருகனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சும்னிருடி, பேசாத. காத்துல வந்துச்சு."

சுசித்ரா எட்டு மதிப்பெண்ணைப் பென்சிலால் போட்டாள். கீழே எழுதினாள்: "நாளை அம்மாவுக்கு முன் எழுந்து, மொட்டு விரியும் இரண்டாம் பூவை நானே முகர்ந்து பார்க்க வேண்டும்."