காதண்ணன் எழுதிய இரண்டு கடிதங்கள்

அந்த மனுஷன் அவள் முதுகில் காதை வைக்காமல் இருந்திருந்தால் இத்தனை கூத்தும் நடந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட களைப்பில் கட்டிலில் குப்புறப் படுத்து அவள் செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தாள். கணவர் பக்கத்தில் வந்து விழுந்தார். தலையணையைத் தேடச் சோம்பல்பட்டு அவள் முதுகிலேயே தலையைச் சாய்த்தார். சாய்த்தவர் பேசாமல் கண்ணை மூட வேண்டியதுதானே? இரண்டே நிமிஷம், விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்னது?"

"உன் நெஞ்சு. தட்டிக்கிட்டே வந்துச்சு, நடுவுல ஒண்ணைக் காணோம். அடுத்தது ரெண்டு மடங்கா இடிச்சுது."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பாள். சொன்னவர் காதண்ணன். பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியுமோ, காதண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எது இன்னும் பத்து நாளில் உடையும் என்று புட்டுப் புட்டு வைப்பார். சத்தம் மாறினால் மெஷினை நிறுத்து, கழற்று, அப்புறம் பேசு. இருபத்தாறு வருஷமாக அவருக்கு இது ஒன்றுதான் சட்டம். இதுவரை ஒருமுறைகூட அவர் காது பொய் சொன்னதில்லை. தொல்லையே அதுதான்.

அவளுக்கும் வேலை சாதாரண வேலை இல்லை. கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாள். சின்ன கிரேனில் பதினோரு வருஷம். யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய கிரேனின் கேபின் பத்து மாடி உயரத்தில் இருக்கிறது. அந்த இருக்கைக்குப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, முதல் ஆளாக வந்திருந்தாள். அடுத்த மாதம் முதல் தேதி ஏற வேண்டியது. அந்த நேரம் பார்த்தா இந்தக் காது?

புருஷன் வாயை அடைக்கவாவது போய்த் தொலைவோம் என்று டாக்டரிடம் போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஓடும் பெல்ட்டில் ஏற்றி மூச்சு வாங்க வைத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு நாள் முழுக்க ஒரு டப்பாவைச் சுமக்க வைத்தார்கள். அந்த ஒரு நாளும் புருஷன் டப்பாவுக்கு நோகாமல் அவளைத் திருப்பித் திருப்பி உட்கார வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது.

டாக்டர் அம்மா பொறுமைசாலி. காகிதத்தை விரித்துவைத்துச் சொன்னார்.

"இங்க பாருங்க. இதயத்துக்குள்ள ஒரு கரண்ட் ஓடுது. மேலேர்ந்து கிளம்பி ரெண்டு பாதையில கீழ இறங்குது. உங்களுக்கு வலது பக்கப் பாதையில ஒரு கண் சிமிட்டுற நேரம் தாமதம். அவ்வளவுதான், போய்ச் சேர்ந்துடுது. நல்லா இருக்கறவங்க நிறைய பேருக்கு இப்படி இருக்கு. வேற எதுக்கோ ஈ.சி.ஜி. எடுக்கும்போதுதான் தெரியவே வரும்."

"அப்ப அந்த விட்டுப்போற துடிப்பு?" என்றார் காதண்ணன்.

"விட்டுப்போகல சார். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுது. சின்னதா வர்றதால உங்களுக்குக் கேக்கல. அதுக்கப்புறம் கொஞ்சம் இடைவெளி, அதுல ரத்தம் கூடுதலா நிரம்புது, அதான் அடுத்தது ஓங்கி அடிக்குது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிற இதயம், அதுல இவங்களுக்கு நானூறு இப்படி. இதயம் பலமா இருக்கு, வால்வு சரியா இருக்கு. மாத்திரைகூட வேணாம். மயங்கி விழுந்தாலோ, வேலை செய்யும்போது நெஞ்சு அழுத்தினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே வாங்க. குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா?"

"எங்க வீட்ல எல்லாரும் எண்பதைத் தாண்டித்தான் அடங்குவாங்க" என்றாள் அவள்.

"பிறகென்ன? போய் நிம்மதியா வேலையைப் பாருங்க."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். காதண்ணன் அசையவில்லை.

"சரிங்க டாக்டர். எப்பக் கழட்டிப் பார்ப்பீங்க?"

"எதை?"

"தாமதம்னா தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கும்ல? அந்தப் பாதையை மாத்திட்டா?"

டாக்டர் அம்மாவின் பொறுமை அங்கே தீர்ந்தது. "சார், இது பம்பு இல்ல" என்று மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அதோடு முடிந்ததா? அன்று சாயங்காலமே நாத்தனாரிடமிருந்து போன். "அண்ணி, படி ஏறாதீங்க, பாரம் தூக்காதீங்க, கோபப்படாதீங்க." கோபப்படாதே என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஆளைக் கோபப்படுத்த முடியும் என்பதை அவள் அப்போதுதான் கண்டுகொண்டாள். புருஷன் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினார். கடைக்குப் போனால் கூடவே வந்தார். டீ குடித்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து சட்டென்று முதுகில் காதை வைத்தார். எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஆனாலும் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள், திங்கட்கிழமை யார்டுக்குப் போகும்வரை.

பாதுகாப்பு அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். புருஷன் கையெழுத்து! 'என் மனைவியின் இதயத்தில் சத்தம் மாறியிருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டுபிடிக்கும்வரை உயரத்தில் ஏற்ற வேண்டாம்.' கீழே கையெழுத்து, தேதி, தொழிற்சாலை அடையாள எண்வரை போட்டிருந்தார். பழுதான மோட்டாருக்கு எழுதும் அதே வாசகம்.

"நீங்க கொஞ்ச நாள் கீழ ஸ்டோர்ல இருங்கம்மா" என்றார் அதிகாரி.

"சார், டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. ஏறலாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"இருக்கட்டும்மா, நல்லதுதான். ஆனா கூட இருக்கறவரே ஆபத்துன்னு எழுத்துல குடுத்திருக்காரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கழுத்துக்கு வரும். அவர் கைப்பட அதை வாபஸ் வாங்கி எழுதணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வந்தா சீட் உங்களுக்கு. இல்லைன்னா அடுத்த ஆளுக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி பிடித்தாள்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? பதினோரு வருஷங்க! வெயில்ல வெந்து, ராத்திரியெல்லாம் படிச்சு வாங்கின சீட்டு. ஒரே தாள்ல கவுத்துட்டீங்களே!"

"உனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கிற நீங்க சொல்றீங்க ஆகும்னு. ஒழுங்கா வாபஸ் எழுதிக் குடுங்க."

"சத்தம் இருக்கே. இருக்கிறதை இல்லைன்னு எப்படி எழுதுவேன்? என் சர்வீஸ்ல நான் பொய் எழுதினதில்ல."

செவ்வாய், புதன், வியாழன். மனுஷன் வெள்ளைத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதுவார், கிழிப்பார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பகலெல்லாம் ஸ்டோரில் கையுறைகளை எண்ணி அடுக்கினாள். ஜன்னல் வழியே பெரிய கிரேன் ஆளில்லாமல் நிற்பது தெரிந்தது.

அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவளே தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். நாற்பத்தெட்டு வருஷம் கேட்பாரில்லாமல் ஓடின நெஞ்சு. இப்போது ஒரு துடிப்பு முந்தினால் கையுறைக் கணக்கை விட்டுவிட்டுத் துடிப்பை எண்ணினாள். அந்தப் பாவி தன் பயத்தை அவளுக்குள்ளும் இறக்கிவைத்துவிட்டார். சீட்டே கிடைத்தாலும் ஏற முடியுமா? அந்தக் கடிதத்துக்காக அழாதவள் இந்தப் பயத்துக்காக ஸ்டோர் மூலையில் நின்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால். அவள் நம்பிக்கையை விட்டுவிட்டுக் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அதிகாரி ஆள் அனுப்பினார். அறைக்குள் புருஷன் நின்றிருந்தார். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தார், முழங்கைவரை கிரீஸ். மேஜைமேல் ஒரு தாள்.

"நீங்களே படிங்கம்மா" என்றார் அதிகாரி.

'என் மனைவியின் நெஞ்சில் சத்தம் உண்டு. நானே கேட்டேன், இன்றைக்குக் காலையிலும் கேட்டேன். பழுது இல்லை. இப்படி ஒரு வாசகத்தை இதற்குமுன் நான் எழுதியதில்லை, மெஷினில் இது நடக்காது. மனிதர்களிடம் நடக்கும் என்று டாக்டரிடம் மறுபடி போய் ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் கடிதத்தை நான் எழுதியது பழுதைப் பார்த்து இல்லை. இவள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயத்தில் எழுதினேன். பயந்தவன் பேச்சைக் கேட்டு ஓட்டுகிறவரைக் கீழே இறக்கக் கூடாது.'

கீழே கையெழுத்து, தேதி. அடையாள எண் இல்லை.

அவள் முகம் இளகிவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று வள்ளென்று விழுந்தாள். "இதை எழுத நாலு நாளா?"

"டாக்டர் அம்மா உள்ளேயே விட மாட்டேன்னுட்டாங்க. மூணு நாள் வாசல்ல நின்னேன்."

அதிகாரி அதிலும் முத்திரை குத்தினார், சர்டிபிகேட்டிலும் குத்தினார்.

முதல் தேதி காலையில் ஏறினாள். லிஃப்ட் முக்கால் உயரம்தான் போகும், மிச்சம் இரும்புப் படி. கேபினில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கால்களுக்கு அடியில் கண்ணாடி, அதற்குக் கீழே தீப்பெட்டிகளாக கன்டெய்னர்கள். கேட்டுக்கு வெளியே பொட்டு மாதிரி ஒருவர் நின்றிருந்தார். ஷிப்டுக்குப் போங்க என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால்தானே!

கீழேயிருந்து ரேடியோவில் குரல் வந்தது. "அக்கா, தூக்கலாம்."

லீவரில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்குள் ஒன்று முந்திக்கொண்டு வந்தது. ஒரு வெற்றிடம். பிறகு ஓங்கி ஓர் இடி. கை தானாகவே மணிக்கட்டுக்குப் போகப் பார்த்தது. வலது பாதை, கண் சிமிட்டும் தாமதம், இன்றைய நானூறில் ஒன்று. மயக்கம் இல்லை, அழுத்தம் இல்லை, மூச்சு சீராக இருந்தது.

"அக்கா, என்ன ஆச்சு? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எனக்குக் கேட்டா போதும்" என்று சொல்லிவிட்டு லீவரை இழுத்தாள். கீழே கன்டெய்னர் தரையைவிட்டு எழும்பியது.