ஏரிக்கரையில் ஒரு லைன்

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் பஸ் நின்றபோது பாண்டிச்செல்விக்கு வயது பதினெட்டு. உண்மையில் இருபத்து மூன்று. ஐந்து வயதைப் பஸ்ஸிலேயே விழுங்கிவிட்டிருந்தாள். பக்கத்து சீட்டு ஐஸ்வர்யா விசாரித்ததும், "பிளஸ் டூ முடிச்சிட்டு நேரா வாரேன்" என்று கூசாமல் அடித்துவிட்டாள்.

கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரகடத்தில் ஒரு ஒயர் கம்பெனியில் நான்கு வருடம் அசெம்ப்ளி லைனில் நின்றவள். ஷிப்டு, ஓ.டி., ஹாஸ்டல், மறுபடி ஷிப்டு. இப்போதுதான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறாள். பெருமைப்பட வேண்டியவள் வெட்கப்பட்டாள். என்ன செய்வது, 'கம்பெனிப் பொண்ணு' என்றதும் கடைக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை உதட்டைச் சுழிப்பதைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. தெரிந்தால் இந்தச் சின்னதுகள் 'அக்கா' என்று ஒரு கும்பிடு போட்டு ஒதுக்கிவிடும். மூன்று வருடம் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

முதலாண்டுப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகட்டும் என்றுதான் கல்லூரி இவர்களை இங்கே அழைத்து வந்திருந்தது. கரை நெடுக மரக்கன்று நட வேண்டும். அதற்கு முன் ஒரு போட்டி என்றார் ரகுபதி சார். பத்துப் பத்துப் பேராக ஆறு அணி. ஒவ்வோர் அணிக்கும் கரைமேல் ஒரு டிரம், கையில் எட்டு பக்கெட். ஏரியில் மொண்டு வந்து முதலில் டிரம்மை நிரப்புகிறவர்கள் ஜெயித்தவர்கள்.

விசில் ஊதியதும் எல்லாரும் தலைதெறிக்க ஓடினார்கள். பாதித் தண்ணீர் செருப்பிலும் பேண்டிலும் போயிற்று. ஏறுகிறவனை இறங்குகிறவன் இடித்தான். பாண்டிச்செல்வியின் அணியில் இருந்த ஐஸ்வர்யா பொடி உருவம். அரை பக்கெட்டோடு மேட்டின் நடுவிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். அவள் பின்னால் மூன்று பேர் தேங்கினார்கள்.

"உன்னால ஆவாது. நீ ஓரமா குந்து" என்றான் அதே அணியில் இருந்த மண்ணூர் சுபாஷ். கெட்ட பையன் இல்லை, ஜெயிக்கிற வெறி. ஐஸ்வர்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாண்டிச்செல்விக்குச் சுரீர் என்றது. லைனில் முதல் வாரம் இதே பேச்சை அவளும் வாங்கியிருக்கிறாள்.

"ஏ, நில்லுங்கப்பா! யாரும் ஓடாதீங்க" என்று கத்தினாள். "எடத்துக்கு ஒரு ஆளு நில்லுங்க. கை மாத்திக் கை மாத்தி மேல அனுப்பணும். மேட்டுல மட்டும் நாலு பேரு, நெருக்கி. ஐஸ்வர்யா, நீ காலி பக்கெட்டைக் கீழ அனுப்பு. அது வரலைன்னா மொத்த லைனும் நின்னுரும், பாத்துக்கோ."

"காலி பக்கெட்டுக்கு ஒரு ஆளா?" சுபாஷ் முறைத்தான். "இதெல்லாம் உனக்கு எப்டி தெரியும்?"

பள்ளிக்கூட என்.எஸ்.எஸ். என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் இவன் மசிய மாட்டான், ஐஸ்வர்யா ஓரமாகத்தான் உட்காருவாள்.

"நாலு வருசம் கம்பெனியில லைன்ல நின்னவ நான். எனக்கு இருபத்து மூணு வயசு. ஒருத்தர் பிந்துனா ஆளை மாத்தக்கூடாது, வேலையைப் பிரிச்சுக் குடுக்கணும். போதுமா? இப்பம் பக்கெட்டைப் பிடி."

சுபாஷ் வாயைப் பிளந்தான். பிறகு பக்கெட்டைப் பிடித்தான்.

லைன் ஓடியது. நிறைந்தது மேலே போக, காலி கீழே வந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. முதலில் தடுமாறியதில் போன நேரம் போனதுதான். பக்கத்து அணி முந்திக்கொண்டது, இவர்களுக்கு இரண்டாம் இடம். ஆனால் ஜெயித்தவர்கள் புல்லில் மல்லாந்து கிடந்தார்கள். இவர்களில் ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. மற்ற நான்கு டிரம்களிலும் பாதித் தண்ணீர்கூட இல்லை.

பின்தங்கிய ஓர் அணியிலிருந்து வேல்விழி வந்து, "எங்களுக்கும் இப்டி லைன் போட்டுக் குடேன்" என்றாள்.

பாண்டிச்செல்வி வாய் திறப்பதற்குள் சுபாஷ் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "எங்க டீமு செல்வி, நாலு வருசம் கம்பெனில வேல செஞ்சிகினு இருந்தவ. இன்னான்னு நெனச்ச?"

ஊரார் உதட்டைச் சுழித்துச் சொன்ன அதே சொல்லை இவன் பீற்றிக்கொள்கிறானே என்று அவள் அவனையே பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் மீதி டிரம்களையும் நிரப்ப அறுபது பேரும் ஒரே லைனாக நின்று அவள் வாயைப் பார்த்தார்கள். நான்கு வருடத்தில் ஒருநாள்கூட அவளை லைன் லீடர் ஆக்காத கம்பெனி இதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ரகுபதி சாரும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். "நான் எங்கம்மா நிக்கணும்?"

"காலி பக்கெட்டுப் பக்கம் நில்லுங்க சார்" என்றாள். "ஐஸ்வர்யா சொல்லித் தருவா."