சிக்னல் கிடைக்கும் வளைவு

"யேசு அண்ணே, நேத்து கரண்ட் போறதுக்கு முன்னாடி டிவில நியூஸ் பாத்தீங்களா? இனிமே போட்ல வர்றவங்க ஒருத்தரையும் இந்த நாட்டுல குடியிருக்க விட மாட்டாங்களாம். பப்புவா நியூ கினிக்கு ஏத்தி விட்டுருவாங்களாம்."

சமையல்காரன் வெங்கட்ராமன் காஸ் அடுப்பில் முட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னான். திருச்சிக்காரன், வாய் ஓயாதவன். யேசுராசா தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தான்.

"ஆர் சொன்னது?"

"கவர்மெண்டே சொல்லுதுண்ணே. உங்களுக்கென்ன, நீங்க ரெண்டு வருஷம் முன்னாடியே வந்து தப்பிச்சுட்டீங்க."

சுவர்க்கடிகாரத்தில் ஏழு பத்து. இலங்கையில் இரண்டு நாற்பது. நீர்கொழும்பில் ஒரு வீட்டில் அவன் மனைவி அன்னமலரும் ஆறு வயது மகள் அஞ்சலியும் தங்கியிருந்தார்கள். அங்கே காலை ஐந்து மணிக்கு ஆளேற்றும் ஏஜென்சியின் வான் வந்து அவர்களைப் படகுக்கு ஏற்றிப்போகும். வானில் ஏறும்போதே எல்லோருடைய போனையும் வாங்கிவிடுவார்கள். அதன் பிறகு கடல்தான். அங்கே ஐந்து என்றால் இங்கே ஒன்பதரை.

அவளை இந்தப் பயணத்துக்குச் சம்மதிக்க வைத்தவன் அவனேதான். அவனுடைய தற்காலிக விசாவில் குடும்பத்தைக் கூப்பிட வழியில்லை. மூன்று மாதமாகப் போனில் கெஞ்சியிருந்தான்.

வெங்கட்ராமனுக்கு இது எதுவும் தெரியாது.

"லேண்ட்லைன் இன்னும் வரேல்லையோ?"

"கம்பி அறுந்து கெடக்குண்ணே. மொபைல்னா அந்த வளைவுக்குத்தான் போகணும். ஏழு கிலோமீட்டர். பனி தள்ளுற வண்டி மத்தியானம்தான் வரும், நம்ம ரோடு எப்பவும் கடைசி."

"யூட் திறப்பைத் தா."

"வெளிய பாத்தீங்களா? இடுப்பளவு கெடக்கு. ஏண்ணே, கடல்லதான் செத்துப் பொழைச்சீங்க, இப்ப ஐஸ்ல வேறயா?" என்று சிரித்தான். யேசுராசாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திச் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

அது மெல்போர்னிலிருந்து ஐந்து மணிநேரம் தள்ளி, மலைமேல் இருந்த சிறிய விடுதி. குளிர்காலம் முடியும்வரை சலவைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, மெல்போர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் நான்கு பேரோடு பகிர்ந்த வீட்டைவிட்டு ஜூனில் வந்திருந்தான். பிக்கப்பை இந்த ஊரார் யூட் என்பார்கள். விடுதியின் யூட் பழசு, ஆனால் நான்கு சில்லும் இழுக்கும். கொட்டகைக்குள்ளேயே சில்லுகளுக்குச் சங்கிலி மாட்டினான். பின்பக்கம் பாரமில்லாவிட்டால் சறுக்கும். கரண்ட் இல்லாததால் காயாமல் கிடந்த ஈரப் படுக்கை விரிப்புகளைப் பை பையாகத் தூக்கிப் பின்னால் போட்டான். பனி அள்ள ஒரு சவளையும் போட்டுக்கொண்டான்.

வெளிக்கிடும்போது ஏழு நாற்பத்தைந்து.

வெங்கட்ராமன் சொன்னதுபோல் இடுப்பளவு இல்லை. காற்று குவித்த இடங்களில் பம்பருக்கு மேலே வந்தது, மற்ற இடங்களில் முழங்கால். பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. ஓரத்தில் நட்டிருந்த செம்மஞ்சள் கம்பங்கள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து தலை நீட்டின. ஒரு கம்பத்தைப் பிடித்து அடுத்த கம்பம் என்று ஓட்டினான். பிரேக்கைத் தொடாதே, நிறுத்தாதே, நின்றால் நின்றதுதான் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகியது. முன்னால் பனி மாவுபோல் குவிந்து, பிளந்து, கண்ணாடியில் அடித்தது.

சில்லுச் சங்கிலியின் சத்தம்கூடப் பனிக்குள் புதைந்துபோனது. மரங்கள் அசையவில்லை. ஒரு பறவை இல்லை. இவ்வளவு பெரிய இடத்தில் தான் ஒருவன்தான் மூச்சு விடுகிறான் என்று பட்டது.

ஐந்தாவது கிலோமீட்டரில் இறக்கம். வண்டியின் மூக்கு இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் பதற்றத்தில் கை பழைய கை ஆகிவிட்டது. பதினெட்டு வருடம் மீன்பிடிப் படகில் அவுட்போர்ட் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்த கை. படகை வலப்பக்கம் திருப்பக் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். அதையே செய்தான். யூட் இன்னும் இடதுபக்கம் பாய்ந்து, ஒரு கம்பத்தை முறித்துக்கொண்டு பனி மேட்டுக்குள் மூக்கைக் குத்தி நின்றது.

எட்டு இருபது.

கதவு பாதிதான் திறந்தது. சவளை எடுத்து முன் சில்லைத் தோண்டத் தொடங்கினான். அள்ளிய இடத்தில் மறுபடியும் சரிந்தது. கையுறை நனைந்து விறைத்தது. எட்டே முக்கால் ஆனபோது முதுகை நிமிர்த்திச் சவளில் சாய்ந்து நின்றான். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

விட்டுவிடலாம்.

முயன்றேன், பனி விடவில்லை என்று யாரிடமும் சொல்லலாம். அதில் பொய் இல்லை. அவர்கள் படகில் ஏறிவிடுவார்கள். பப்புவா நியூ கினி சொந்த ஊர் மன்னாரைவிடக் கிட்ட. எங்கேயோ ஒரு முகாமில் என்றாலும் இந்தப் பக்கத்துக் கடலில் இருப்பார்கள். இப்போது தடுத்துவிட்டால் இனி எந்த வருடம்? அஞ்சலி நடக்கத் தொடங்கியதைப் பார்த்தவன், பள்ளிக்கூடம் போனதைப் பார்க்கவில்லை. அவள் குமரியாவதையும் போனில்தான் கேட்கவேண்டும்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. அதோடேயே சில நிமிடம் நின்றான்.

பிறகு, இந்த நாட்டில் இறங்கியதும் பதினாலு மாதம் அடைபட்டிருந்த முகாம் ஞாபகம் வந்தது. அங்கே அவனுக்குப் பெயர் இல்லை. வந்த படகின் மூன்று எழுத்தும் ஒரு எண்ணும்தான். காலையிலும் மாலையிலும் காவலர் அந்த எண்ணைக் கூப்பிட, வேலிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கவேண்டும். அவனுடைய வரிசையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். ஒருநாள் பெயர் கேட்டபோது அவள் எண்ணைத்தான் சொன்னாள்.

குனிந்து தோண்டினான். ஈர விரிப்புகளைப் பையிலிருந்து இழுத்துச் சில்லுகளுக்கு அடியில் திணித்தான். ரிவேர்ஸ் போட்டான். சங்கிலி துணியைக் கடித்துக் கிழித்தது. யூட் ஒருமுறை உதறி, பின்னால் ஏறி வந்தது.

வளைவில் நிறுத்தியபோது ஒன்பது இருபத்தொன்று. விரல் மரத்துப்போய் போன் கார்டின் நீள எண்ணை இரண்டு முறை பிழையாக அழுத்தினான். மூன்றாவது முறை மணி போனது.

"என்னப்பா இந்த நேரம்? வெளிக்கிட்டு நிக்கிறம். வான் சந்திக்கு வந்திட்டுதாம்."

"மலர், போக வேண்டாம்."

"என்ன?"

"ஏறாதே. இஞ்ச சட்டம் மாறிப்போச்சு. இனி வாற ஆக்களை வேற தீவுக்கு அனுப்பிறாங்கள். நான் இருக்கிற இடத்துக்கு உங்களை விட மாட்டாங்கள்."

"உப்பிடித்தான் கதை பரப்புவாங்கள், பயப்பிடாதேங்கோ எண்டு சிறிதரன் அண்ணை நேற்றே சொன்னவர்."

"அவன் ஆளேத்திறவன். வேற என்ன சொல்லுவான்?"

"போன கிழமை நீங்கள்தானே வா வா எண்டு அழுதனீங்கள்?"

"ஓம். இப்ப வேண்டாம் எண்டிறன்."

தூரத்தில் வான் ஹோர்ன் அடித்தது. யாரோ ஒரு ஆண், "கெதியா வாங்கோ" என்றான். அன்னமலரின் குரல் தாழ்ந்தது.

"இஞ்சருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. அங்க ஆரும் இருக்கோ?"

இன்னொருத்தியைக் கேட்கிறாள் என்று அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். வெள்ளை, வெள்ளைக்கு மேல் வெள்ளை. சிரிப்பு வந்தது. இல்லையடி என்று சத்தியம் செய்தால் அவள் நம்புவாள். நம்பி, வானில் ஏறுவாள். சட்டத்தைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் ஏறுவாள்.

மறுபடியும் ஹோர்ன்.

"ஓம்," என்றான். "ஒரு ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ கதவைத் தட்டினார்கள். "அக்கா, வாறியளோ இல்லையோ?"

"நாங்கள் வரேல்லை," என்று அவள் யாருக்கோ சொன்னாள். பிறகு, போனை மறந்தவள்போல், "அஞ்சலி, சப்பாத்தைக் கழட்டு."

"ஏனம்மா?"

"கழட்டெண்டால் கழட்டு பிள்ளை."

ஒரு காலின் சப்பாத்து சீமெந்துத் தரையில் விழுந்தது. மற்றது விழ நேரம் எடுத்தது. வானின் எஞ்சின் உறுமி, தெருவில் திரும்பி, தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை யேசுராசா கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அவள் போனை வைத்தாள்.